ரீசார்ஜ் ஆகும் கழிவும் கழிவுதான்: உலக சுங்க அமைப்பின் எச்.எஸ். குழுவுக்கு ஒரு திறந்த மடல்

உலக சுங்க அமைப்பின் எச்.எஸ். குழு உறுப்பினர்களுக்கு,

விபத்தில் நொறுங்கிய மின்சாரக் காரிலிருந்து கழற்றி எடுத்த லித்தியம் அயனி பேட்டரியை, தொழிற்சாலையிலிருந்து நேற்று வெளிவந்த புதிய பேட்டரிக்குரிய அதே 8507.60 என்ற எண்ணில் எழுதி எல்லை தாண்ட வைக்க முடிகிறது. இதற்குப் பொய்க் கையெழுத்து தேவையில்லை, லஞ்சமும் தேவையில்லை. நீங்கள் பராமரித்து, 200க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் பின்பற்றும் எச்.எஸ். என்ற சரக்குக் குறியீட்டு முறையில் இருக்கும் ஒரு வாக்கியமே போதும். அந்த வாக்கியத்தை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

85ஆம் அத்தியாயத்தின் குறிப்பில் அது இருக்கிறது. ஒரு பேட்டரி ‘செலவானது’ என்று கருதப்பட, உடைவு, வெட்டு, தேய்மானம் போன்ற காரணங்களால் அது அப்படியே பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். அதோடு, மறுபடி மின்னேற்றம் செய்யவும் இயலாததாக இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து பொருந்தினால்தான் 8549 என்ற கழிவுத் தலைப்புக்குள் அது வரும். ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாவிட்டால் அது சரக்கு. கழிவுக்குரிய முன்னனுமதி, எல்லை கடக்கும் ஆவணம், இறக்குமதி நாட்டின் எழுத்துப்பூர்வமான சம்மதம் எதுவும் அதற்குத் தேவைப்படாது.

டார்ச் விளக்கில் போடும் செல்லையும் வண்டியை இயக்கத் தொடங்கும் ஈய அமில பேட்டரியையும் மனத்தில் வைத்து எழுதிய வரையறை இது என்பது படித்தாலே தெரிகிறது. அவை செத்தால் பெரும்பாலும் முழுமையாகச் செத்துவிடும். லித்தியம் அயனி பேட்டரி அப்படிச் சாவதில்லை. வண்டிக்கு உதவாது என்று கழற்றும்போதும் அதில் கொள்ளளவின் பெரும்பகுதி மிச்சமிருக்கும். கலங்கள் வீங்கி, உறை நசுங்கி, குளிரூட்டும் குழாய் கசிந்த நிலையிலும் அது மின்னேற்றத்தை வாங்கிக்கொள்ளும். உங்கள் வரையறை அதை வைத்து “இது கழிவு அல்ல” என்கிறது. அதைக் கையால் தூக்க வேண்டியவர்களுக்கோ அந்த மிச்ச மின்சாரம்தான் முதல் ஆபத்து.

நான் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் தொழிலில் இருக்கிறேன். பழைய உலோகமும் பேட்டரிகளும் ஏற்றிய கன்டெய்னர்களுக்கான சுங்க அறிவிப்பையும், அவற்றோடு செல்லும் ஆபத்தான சரக்கு அறிவிப்பையும் எழுதுவது என் அன்றாட வேலை. இந்த வரையறை காகிதத்தில் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். கன்டெய்னர் கதவு திறக்கும்போது அது எப்படி வேலை செய்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

ஒரு சரக்கு வந்தது. ‘பயன்படுத்திய லித்தியம் அயனி பேட்டரி தொகுதிகள், 8507.60’ என்று விலைப்பட்டியலில் எழுதியிருந்தது. திறந்து பார்த்தால், மரத் தட்டுகளின் மேல் பிளாஸ்டிக் படலம் சுற்றிய தொகுதிகள். சிலவற்றின் மூடி வளைந்திருந்தது. சிலவற்றின் மின்முனைகளுக்கு உறையே இல்லை. ஒன்றின் அடிப்பாகத்தில் கசிந்து காய்ந்த கறை. சோதனைக்கு வந்த அதிகாரிக்குச் சந்தேகம் எழுந்தது. இது கழிவுதானே என்று கேட்டார். இறக்குமதியாளரின் ஆள் ஒரு வோல்ட்மீட்டரை எடுத்து, எட்டிய முனைகளில் வைத்துக் காட்டினார். முள் ஏறியது. “மின்னழுத்தம் இருக்கிறது, மின்னேற்றமும் ஆகும், உங்கள் விதிப்படி இது செலவான பேட்டரி அல்ல” என்றார். அதிகாரி குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். அதில் அவருக்குக் கைகொடுக்க ஒரு சொல்கூட இல்லை. சரக்கு விடுவிக்கப்பட்டது.

அந்த அதிகாரி நேர்மையானவர், வேலை தெரிந்தவர். அவர் தோற்றதற்குக் காரணம் அவர் அல்ல. மின்னழுத்தம் இருப்பது ஒரு பேட்டரி நல்ல நிலையில் இருப்பதற்குச் சான்று ஆகாது. உள்ளே ஒரு கலத்தின் பிரிப்புத் தாள் கிழிந்திருந்தாலும், ஏற்கெனவே அதிகச் சூடு கண்டிருந்தாலும் முனைகளில் மின்னழுத்தம் காட்டும். அப்படிப்பட்ட கலம் குலுங்கியோ நசுங்கியோ உட்குறுக்குச் சுற்று ஏற்பட்டால் வெப்பம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். பக்கத்துக் கலம், அதற்குப் பக்கத்துக் கலம் என்று பரவும். மின்பகுபொருளில் இருக்கும் ஃப்ளூரின் சேர்ந்த லித்தியம் உப்பு சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற நச்சு வாயு வெளிவரும். அணைந்துவிட்டது என்று நினைத்த நெருப்பு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் கழித்து மறுபடி பற்றும். மின்னேற்றம் மிச்சமிருக்கும் அளவுக்கு இந்த ஆபத்தும் கூடுகிறது. எந்தக் குணம் அதை ஆபத்தாக்குகிறதோ அந்தக் குணத்தையே நீங்கள் நற்சான்றாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அதே கன்டெய்னருக்கு நாங்கள் இரண்டு தாள்கள் எழுதுகிறோம். கப்பல் நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஆபத்தான சரக்கு அறிவிப்பில் லித்தியம் அயனி பேட்டரிக்கான ஆபத்து எண்ணாகிய யுஎன் 3480, வகுப்பு 9 என்று எழுத வேண்டும். தொகுதி சேதமடைந்தோ குறைபாட்டோடோ இருந்தால் கடல்வழி ஆபத்தான சரக்குக்கான ஐஎம்டிஜி விதித்தொகுப்பின் சிறப்பு விதி 376 பொருந்தும். அழிக்கவோ மறுசுழற்சிக்கோ போகிறது என்றால் சிறப்பு விதி 377. பொதியும் அதற்கேற்ப பி908 அல்லது பி909 முறையில் இருக்க வேண்டும். கடலில் தன் கப்பல் எரியக்கூடாது என்பதால் கப்பல்காரர் இதில் கண்டிப்பாக இருப்பார். ஆகவே அந்தத் தாளில் ‘சேதமடைந்தது’ என்றோ ‘மறுசுழற்சிக்கானது’ என்றோ உண்மை எழுதப்படுகிறது. சுங்கத்துக்குப் போகும் தாளில் அதே பெட்டி, அதே எடை, அதே முத்திரை எண், ஆனால் 8507.60 என்று புத்தம்புதிய பேட்டரிக்கு உரிய எண். ஒரே சரக்கைப் பற்றி ஒரே நாளில் எழுதிய இரண்டு சட்டபூர்வமான அறிவிப்புகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. கடலில் சேதமடைந்ததாக இருந்த பொருள் கரையில் இறங்கியதும் நல்ல பொருளாகிவிடுகிறது. இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சுங்க அதிகாரியிடம் சொல்லும் ஒரு வரி உங்கள் விளக்கக் குறிப்புகளில் இருந்திருந்தால், நான் மேலே சொன்ன சரக்கு அன்று நின்றிருக்கும்.

‘செலவான’ என்பதற்கு வெளியே, பேட்டரிகளின் ‘கழிவும் சிதைவும்’ என்ற பகுதியும் 8549இல் இருக்கிறதே, நொறுங்கிய தொகுதியை அதில் சேர்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சேர்க்கப் பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அங்கே குறுக்கே நிற்பது நீங்கள் 2022 பதிப்பில் 16ஆம் பிரிவுக்குச் சேர்த்த ஆறாவது குறிப்பு. மின், மின்னணுக் கழிவு என்றால் அந்தப் பொருள் பயன்படாமல் போயிருக்க வேண்டும், அல்லது பழுது பார்ப்பது பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாததாக இருக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு பொருளையும் போக்குவரத்தில் சேதமடையாமல் காக்கும் நோக்கம் இல்லாத வகையில் அது பொதியப்பட்டோ அனுப்பப்பட்டோ இருக்க வேண்டும். குப்பையாகக் கொட்டி அனுப்பும் பழைய கணினிகளுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் இது நல்ல அளவுகோல். குவியலாகக் கொட்டி அனுப்புகிறவன் அதை மறுபடி விற்கப்போவதில்லை.

லித்தியம் பேட்டரிக்கு இதே அளவுகோல் தலைகீழாகத் திரும்புகிறது. சேதமடைந்த தொகுதியை ஒவ்வொன்றாகத் தனி உறையில் வைத்து, எரியாத, மின்கடத்தாத பொருளால் சுற்றிலும் மெத்தையிட்டு அனுப்ப வேண்டும் என்று ஆபத்தான சரக்கு விதி கட்டாயப்படுத்துகிறது. அப்படிப் பொறுப்பாகப் பொதிந்தவரின் சரக்கு உங்கள் குறிப்பின்படி ‘காக்கும் நோக்கத்தோடு பொதியப்பட்டது’ ஆகிவிடும். ஆகவே அது கழிவு அல்ல என்று வாதாட இடம் பிறக்கிறது. பாதுகாப்பு விதியை மதித்தவர் கழிவுச் சட்டத்திலிருந்து தப்புகிறார். அதை மதிக்காதவர் கழிவுச் சட்டத்தில் மாட்டுகிறார், ஆனால் துறைமுகத்தை எரிக்கிறார். இந்த இரண்டு விதிகளையும் எழுதியவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

2022 பதிப்பு எதையும் சரிசெய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முன் எல்லாச் செலவான பேட்டரிகளும் 8548.10 என்ற ஒரே எண்ணில் கிடந்தன. இப்போது ஈய அமில பேட்டரிகளின் கழிவுக்கு 8549.11 என்று தனி எண் இருக்கிறது. ஈயம், காட்மியம், பாதரசம் கொண்ட மற்றவற்றுக்கு 8549.12. இது மூன்றும் இல்லாதவற்றில், வேதி வகைப்படி பிரித்தவைக்கு 8549.13, பிரிக்காதவைக்கு 8549.14. ஈயத்தைப் பொறுத்தவரை இது உண்மையான முன்னேற்றம்.

ஆனால் அந்த 8549.13ஐப் பாருங்கள். வீட்டுக் கடிகாரத்திலிருந்து எடுத்த அல்கலைன் செல்களைப் பிரித்து மூட்டை கட்டி அனுப்பினாலும் அந்த எண். நானூறு கிலோ எடையுள்ள மின்சாரக் கார் தொகுதிகளை அனுப்பினாலும் அந்த எண். நிக்கல் உலோக ஹைட்ரைடும் அங்கேதான். ஈயம், காட்மியம், பாதரசம் என்ற மூன்று பெயர்களோடு ஆபத்து முடிந்துவிடுகிறது என்ற பழைய கணக்கு அந்த எண்ணுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புதிய லித்தியம் அயனி பேட்டரிக்கு 2012 பதிப்பிலேயே 8507.60 என்று தனி எண் கொடுத்தீர்கள். விற்கும்போது அதற்குத் தனி அடையாளம் வேண்டும் என்று தெரிந்தது. தூக்கி எறியும்போது மட்டும் அந்த அடையாளம் ஏன் பறிக்கப்படுகிறது?

ஆபத்தான கழிவு எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையிலும் இதே ஓட்டை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அதன் ஏ1160 என்ற பதிவு ஈய அமில பேட்டரிக் கழிவை, முழுதாக இருந்தாலும் நொறுக்கியதாக இருந்தாலும், ஆபத்தான கழிவாக வைக்கிறது. ஏ1170 பிரிக்காத கலவைகளைச் சொல்கிறது. பி1090 என்ற பதிவோ, ஒரு தரவரையறைக்கு உட்பட்டு, ஈயமும் காட்மியமும் பாதரசமும் இல்லாத பேட்டரிக் கழிவை ஆபத்தற்றதாக விட்டுவிடுகிறது. லித்தியம் என்ற பெயர் எதிலும் இல்லை. ஏற்றுமதியாளர்கள் பி1090ஐக் காட்டுகிறார்கள். இறக்குமதி நாட்டின் சுற்றுச்சூழல் அலுவலகம் அதை ஏற்காமல் கேள்வி கேட்கிறது. கேள்வி கேட்கும் அலுவலகம் சுங்கத்தின் தரவைப் பார்க்கிறது. சுங்கத்தின் தரவிலோ 8507.60 இருக்கிறது, அல்லது அல்கலைன் செல்லோடு கலந்த 8549.13 இருக்கிறது. உங்கள் இரு அமைப்புகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. மின்னணுக் கழிவு முழுவதையும் முன்னனுமதிக்கு உட்படுத்தும் பேசல் திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எண் சரியில்லாவிட்டால் அந்தத் திருத்தமும் துறைமுக வாசலிலேயே நின்றுவிடும்.

எண்ணுக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று கேட்பவர்களுக்கு ஈயத்தின் கதையே பதில். 2013இல் வட அமெரிக்காவின் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையம், அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குப் போன செலவான ஈய பேட்டரிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2004க்கும் 2011க்கும் இடையே அந்த நிகர ஏற்றுமதி 449 முதல் 525 சதவீதம் வரை உயர்ந்திருந்ததாக அது மதிப்பிட்டது. பொருள் தனியாக எண்ணப்பட்டதால்தான் அப்படி ஒரு கணக்கைப் போட முடிந்தது. லித்தியம் பேட்டரிக் கழிவுக்கு இன்று அப்படி ஒரு கணக்கை உலக அளவில் போட நினைப்பவர் எந்த எண்ணைப் பிடித்துத் தொடங்குவார்?

ஈயத்தைப் பற்றிப் பேசும்போது பதற்றமில்லாமல் பேச எனக்கு வருவதில்லை. செனகல் தலைநகர் டாக்கருக்கு அருகில் தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில், பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த மண்ணைச் சலித்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். உலகில் ஏறத்தாழ மூன்று குழந்தைகளில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறது என்று யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் அறிவித்தன. முறையற்ற பேட்டரி மறுசுழற்சி அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. ஈயத்துக்கு இதுதான் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

8549.11 வந்த பிறகும் ஈயம் வேறு வழிகளில் நழுவுகிறது. பழைய உலோக வியாபாரத்தில் எதற்கும் ஒரு பெயர் உண்டு. அமிலம் வடித்த முழு பேட்டரி ‘ரெயின்ஸ்’. அமிலத்தோடு இருப்பது ‘ரிங்க்’. உள்ளிருந்து எடுத்த தகடுகள் ‘ரெயில்ஸ்’. விலை பேசும்போது இவர்கள் ஒன்றை மற்றொன்றாகக் குழப்பிக்கொள்வதே இல்லை. சுங்க அறிவிப்பு எழுதும் நேரம் வந்ததும் எல்லாக் குழப்பமும் வந்துவிடுகிறது. தகடுகளும் பசையும் ‘ஈயச் சிதைவு’ என்று 7802இல் போகின்றன. பசை பெரும்பாலும் ஈய சல்பேட்டும் ஈய ஆக்சைடும் சேர்ந்தது. அது உலோகச் சிதைவே அல்ல. அமிலம் வடித்த பேட்டரிகள் ‘பயன்படுத்திய பேட்டரி’ ஆகி 8507.10க்குள் நுழைகின்றன. வடித்த அமிலம் எந்த மண்ணில் ஊற்றப்பட்டது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. வியாபாரிகள் தங்கள் லாபத்துக்காகக் காட்டும் துல்லியத்தில் பாதியாவது, மனித உடலைக் காப்பதற்கான அட்டவணையில் இருக்கக்கூடாதா?

இனி ‘பிளாக் மாஸ்’ எனப்படும் கரும்பொடி. லித்தியம் பேட்டரிகளை நொறுக்கி, உறையையும் செம்பு, அலுமினியத் தகடுகளையும் பிரித்த பிறகு மிஞ்சுவது. நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ், லித்தியம், கிராஃபைட் கலந்த பொடி. பதப்படுத்தும் முறை சரியில்லாவிட்டால் மின்பகுபொருளின் மிச்சமும் அதில் இருக்கும். ஈரம் பட்டால் நச்சு வாயுவும் எரியக்கூடிய வாயுவும் வெளிவர வாய்ப்புண்டு. நிக்கல் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை. இதற்கு ஆறு இலக்க எண் எது? என் மேசைக்கு வந்த ஆவணங்களில், 2620இல் உலோகம் கொண்ட எச்சமாக எழுதியதைப் பார்த்திருக்கிறேன். 3825இல் வேதித் தொழில் எச்சமாக எழுதியதையும், 8549இல் எழுதியதையும், எந்த வகையிலும் சேராத வேதிக் கலவையாக 3824இல் எழுதியதையும் பார்த்திருக்கிறேன். ஒரே சரக்குக்கு அனுப்பும் நாட்டில் ஓர் எண், இறங்கும் நாட்டில் வேறோர் எண். அப்படியிருக்க இரண்டு நாடுகளின் புள்ளிவிவரம் எப்படிப் பொருந்தும்? ஐரோப்பிய ஆணையம் 2025 மார்ச்சில் இந்தப் பொடியை ஆபத்தான கழிவாகப் பட்டியலிட முடிவெடுத்தது. வேறு நாடுகள் இதைக் கழிவாகவே பார்க்காமல் மூலப்பொருளாக வரவேற்கின்றன. கழிவா மூலப்பொருளா என்பதில் நாடுகள் மாறுபடலாம், அது அவரவர் சட்டம். ஆனால் இந்தப் பொடி இந்தப் பொடிதான் என்று எல்லாரும் ஒரே எண்ணால் சொல்வதற்குத்தானே உங்கள் குழு இருக்கிறது? அந்த ஒரு வேலையை உங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

என் வாடிக்கையாளர்களில் சிலர் இந்த மடலைப் படித்தால் கோபப்படுவார்கள். வண்டிக்கு உதவாத பேட்டரி வீட்டில், கடையில், சூரியத் தகட்டோடு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும், எல்லாவற்றையும் கழிவு என்று முத்திரை குத்தினால் அந்த மறுபயன்பாடு நசிந்துவிடும் என்பார்கள். இந்தக் கவலை எனக்கும் உண்டு. மறுபயன்பாட்டுக்காக நேர்மையாகப் பேட்டரி அனுப்புபவர்களின் ஆவணங்களையும் நான் எழுதுகிறேன். அவர்களின் சரக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் வரிசை எண் இருக்கும். மிச்சக் கொள்ளளவு, உள்மின்தடை, காப்புச் சோதனை ஆகியவற்றின் முடிவுகள் இருக்கும். யார் சோதித்தார், எப்போது சோதித்தார் என்ற கையெழுத்து இருக்கும். அவர்களுக்கு இது புதிய சுமையே அல்ல. தவிர, பேசல் உடன்படிக்கையின் மின்னணுக் கழிவு வழிகாட்டியே பயன்படுத்திய கருவியைக் கழிவிலிருந்து வேறுபடுத்தச் சோதனையும் அதற்கான ஆவணமும் வேண்டும் என்கிறது. பயன்படுத்திய கைப்பேசிக்குக் கேட்பதை, ஒரு கன்டெய்னரையே எரிக்க வல்ல தொகுதிக்குக் கேட்கக்கூடாதா? இன்றைய வரையறையால் நட்டப்படுபவரும் இந்த நேர்மையான வியாபாரிதான். சோதனைக்குச் செலவழித்த அவருடைய சரக்கும், வோல்ட்மீட்டர் முள்ளைக் காட்டி நுழைந்த சரக்கும் ஒரே எண்ணில், ஒரே சந்தையில் மோதுகின்றன. விலையில் யார் வெல்வார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வரையறையைத் திருத்தினாலும் பொய் எழுதுகிறவன் பொய்தான் எழுதுவான் என்றும் ஒரு வாதம் உண்டு. 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் வர்ஜீனியா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கன்டெய்னர் நெடுஞ்சாலையிலேயே தீப்பிடித்தது. உள்ளே இருந்தவை கழித்துப்போட்ட லித்தியம் பேட்டரிகள். சரக்கு ஆவணத்தில் இருந்தது ‘கணினி உதிரிபாகங்கள்’. வெப்பம் கன்டெய்னரின் உலோகத்தையே துளைத்துவிட்டது என்று அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் எச்சரிக்கை சொல்கிறது. கப்பலில் ஏறிய பிறகு பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே அந்த எச்சரிக்கையின் சாரம். அப்பட்டமான பொய்யை எந்தக் குறியீட்டு முறையும் தடுக்காது, ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது, பொய் சொல்லாமலே தப்பிக்க இருக்கும் வழியை அடைப்பதைத்தான். அது அடைபட்டால் மிஞ்சுவது குற்றம் மட்டுமே. குற்றத்தைப் பிடிக்கச் சுங்கத்துக்குத் தெரியும்.

அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. அதற்கடுத்த திருத்தச் சுற்று முடியும்வரை பல ஆண்டுகள் காத்திருங்கள் என்று மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். விளக்கக் குறிப்புகளைத் திருத்தவும், ஒரு பொருள் எந்த எண்ணில் வரும் என்று சொல்லும் வகைப்படுத்தல் கருத்து வெளியிடவும் நீங்கள் அந்தச் சுற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே என் கோரிக்கைகளை இரண்டு வேகத்தில் வைக்கிறேன்.

உடனே செய்யக்கூடியவை முதலில். 8507, 8549 ஆகிய தலைப்புகளின் விளக்கக் குறிப்புகளில், மின்னழுத்தம் இருப்பதோ மின்னேற்றம் ஏற்பதோ மட்டும் ஒரு பேட்டரி பயன்படுத்தத் தக்கது என்பதற்குச் சான்றாகாது என்று எழுதுங்கள். ஆபத்தான சரக்கு அறிவிப்பில் சிறப்பு விதி 376இன் கீழோ 377இன் கீழோ வரும் சரக்கை, சோதனைச் சான்று இல்லாமல் 8507இல் ஏற்கக்கூடாது என்றும் அதே இடத்தில் எழுதுங்கள். 16ஆம் பிரிவின் ஆறாவது குறிப்பில் இருக்கும் பொதிவு நிபந்தனை, போக்குவரத்துப் பாதுகாப்பு விதிகளுக்காகப் பொதியப்பட்ட பேட்டரிகளைக் கழிவிலிருந்து விலக்கப் பயன்படாது என்று தெளிவுபடுத்துங்கள். லித்தியம் பேட்டரிக் கரும்பொடிக்கும், ஈய பேட்டரியிலிருந்து எடுத்த தகடுகளுக்கும் பசைக்கும் தனித்தனி வகைப்படுத்தல் கருத்துகளை வெளியிடுங்கள். எந்த எண் என்று முடிவு செய்கிறீர்களோ அது உங்கள் உரிமை. ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள்.

திருத்தச் சுற்றில் செய்ய வேண்டியவை அடுத்து. ‘மின்னேற்றம் செய்ய இயலாத’ என்ற நிபந்தனையை வரையறையிலிருந்து நீக்குங்கள். அதன் இடத்தில், எந்தப் பயன்பாட்டுக்காக அனுப்பப்படுகிறதோ அதற்குத் தகுதியானது என்று தொகுதிவாரியான சோதனையால் காட்டப்படாத பயன்படுத்திய பேட்டரி எதுவும் செலவானதாகவே கருதப்படும் என்று வையுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு அனுப்புகிறவருக்கு இருக்கட்டும், கன்டெய்னர் வாசலில் நிற்கும் அதிகாரிக்கு வேண்டாம். 8549இல் லித்தியம் பேட்டரிக் கழிவுக்குத் தனி ஆறு இலக்க எண் கொடுங்கள். இப்போது சந்தைக்கு வந்துகொண்டிருக்கும் சோடியம் அயனி பேட்டரிகள் கழிவாகும் நாளில் இதே மடலை இன்னொருவர் எழுத நேராதபடி அவற்றுக்கும் இப்போதே இடம் ஒதுக்குங்கள். கரும்பொடிக்குத் தனி எண் கொடுங்கள். இந்த எண்களை வகுக்கும்போது பேசல் உடன்படிக்கையின் பதிவுகளும் யுஎன் எண்களும் எந்த எண்ணோடு பொருந்துகின்றன என்ற ஒப்பீட்டு அட்டவணையை, இரண்டு செயலகங்களும் சேர்ந்து, எவரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இவற்றை உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி எந்த ஓர் உறுப்பு நாடும் முன்மொழியலாம். முன்மொழியும் நாடு எது என்பதையும், ஏற்க மறுத்தால் அதற்கான காரணத்தையும் பொதுவில் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சுங்க ஆவணங்கள் எழுதும் ஒருவர்